குருமல்லப்பாவின் தூங்குமூஞ்சி மரம்

காலையில் சித்தாபுரம் வாசல் வழியாக பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்குள் நுழையும்போது குருமல்லப்பா காவலாளியைப் பார்த்து, "தோட்டம் எப்படியிருக்குப்பா?" என்று கேட்பார். ராத்திரி அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பசுமாட்டை விசாரிப்பது போல இருக்கும். காவலாளியும் "நல்லாயிருக்கு ஸார்" என்பான். அதன் பிறகுதான் அவர் செருப்பைக் கழற்றி வேட்டி நுனியால் தட்டி, மறுபடி போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்குவார்.

அவர் வீட்டு மாடியில் நாங்கள் வெகுகாலம் குடியிருந்தோம். அவர் மனைவி சர்வமங்களம்மாவும் என் அம்மாவும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசாத நாள் இல்லை. அதனால் குருமல்லப்பா வெளியே சொன்னது பாதியும் சொல்லாதது பாதியுமாக எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

அவர் தோட்டத்தில் வேலை பார்த்தவர் அல்ல. நகரப் பேருந்து டெப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எவ்வளவு தாமதம் என்று பார்த்துச் சீட்டியடிப்பதிலேயே அவர் காலம் போயிற்று. மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு லால்பாக்குக்குள் வந்து உட்காருவார். சாப்பிட்டபடியே மரங்களில் அடித்திருக்கும் பலகைகளைப் படிப்பார். கை கழுவிவிட்டுத் தோட்டக்காரர்களிடம் கேள்வி கேட்பார். ஓய்வு பெற்று வெளியே வந்தபோது சக ஊழியர்கள் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதைத் தவிர அவர் கையில் இருந்தது லால்பாக்கின் வருடங்கள் மட்டும்தான்.

"ஹைதர் அலி தோட்டம் போட ஆரம்பிச்சது ஆயிரத்து எழுநூத்தி அறுபது. கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் போட்டது ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தொம்பது. கெம்பேகௌடா கோபுரம் நிக்குதே, அந்தப் பாறைக்கு வயசு முந்நூறு கோடி வருஷம்."

மூன்றையும் ஒரே குரலில் சொல்வார். முந்நூறு கோடி வருஷமும் அவர் வாயில் பனசங்கரி வண்டி கிளம்பிய நேரம் போலத்தான் வரும்.

ஆனாலும் காலையில் அங்கே நடக்க வருகிறவர்கள் சேர்ந்து வைத்த அருணோதய நடைச் சங்கத்துக்கு அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. நவம்பர் முதல் தேதி, கர்நாடகம் உருவான நாளான ராஜ்யோத்சவத்தன்று பெங்களூரில் கொடியேற்றாத தெரு இருக்காது. ஆட்டோ நிறுத்தத்தில்கூட மஞ்சள் சிவப்புக் கொடி கட்டி, யாரையாவது பிடித்துச் சால்வை போர்த்திவிடுவார்கள். எங்கள் சங்கத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. அன்று காலை எல்லாரும் குடும்பத்தோடு வந்து தோட்டத்தைச் சுற்றுவோம். ஒருவர் மைசூர்த் தலைப்பாகை வைத்துக்கொண்டு முன்னால் நடந்து, ஒவ்வொரு இடமாக நின்று கதை சொல்வார். கடைசியில் வாத்திய மண்டபத்தருகே கேசரிபாத்தும் உப்பிட்டு என்கிற உப்புமாவும் கிடைக்கும். சங்கம் தொடங்கியதிலிருந்து அந்தத் தலைப்பாகை குருமல்லப்பாவின் தலையை விட்டு வேறு தலைக்குப் போனதில்லை.

"அந்த மனுஷனுக்குப் பொறாமைன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது" என்று சர்வமங்களம்மா பின்னாளில் அம்மாவிடம் சொன்னார். பொறாமைப்பட ஆள் கிடைக்காமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் வத்சலாபாய் வந்து சேர்ந்தார்.

வத்சலாபாய்க்குச் சொந்த ஊர் தார்வாட். கணவர் போன பிறகு ஜயநகரில் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். இல்கல் புடவையும் காலில் பேரனின் பழைய விளையாட்டுக் காலணியுமாக நடக்க வருவார். வட கர்நாடகத்து வழக்கப்படி எதைச் சொன்னாலும் முடிவில் மரியாதைக்கு ஒரு "ரீ" போடுவார். முதல் நாள் கண்ணாடி மாளிகை முன்னால் குருமல்லப்பா நின்று, அடிக்கல் போட்ட வருஷம், சீமையிலிருந்து இரும்பு வந்தது எல்லாம் சொல்லி முடித்தார். வத்சலாபாய் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணாரே, இவ்வளவு கண்ணாடியையும் யார் தொடைப்பாங்க ரீ?"

குருமல்லப்பாவுக்குத் தெரியவில்லை. "அது வரலாறு இல்லம்மா" என்றார்.

"எங்க வீட்ல ரெண்டு ஜன்னல் தொடைக்கிறதுக்கே எனக்கும் மருமகளுக்கும் பானிபட் யுத்தம் நடக்குது. அதான் கேட்டேன் ரீ."

எல்லாரும் சிரித்தார்கள். சர்வமங்களம்மா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் குருமல்லப்பாவுக்குள் முதலில் போய்க் குத்தியது.

அடுத்த நாள் அதே இடத்தில் வத்சலாபாய் நின்றார். "வாசல்ல கொய்யாக்கா விக்கிறாளே நஞ்சம்மா, அவ சொன்னா ரீ. அவ மாமியார் மலர்க் கண்காட்சிக்குத் தொட்டி தூக்க வந்தவளாம். கண்ணாடிக்கு உள்ள என்னா வெயில்! தலையில வச்சிருந்த ரோஜா சுருங்கிப் போச்சாம். தொட்டியில இருந்த ரோஜாவைத் தடவிக் குடுத்துட்டு, 'உனக்குத் தண்ணி ஊத்த ஆள் போட்டிருக்காங்கடி, எனக்கு யாரு?'ன்னு கேட்டாளாம்."

பெண்கள் சிரித்தார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"அது எந்த வருஷம்?" என்று கேட்டார் குருமல்லப்பா.

"அவளுக்கு வருஷம் தெரியாது அண்ணாரே. வெயில்தான் தெரியும்."

அன்றிலிருந்து அவர் நடை கெட்டுப் போயிற்று. முன்பெல்லாம் கூட்டம் அவரைச் சுற்றிக் கல்யாண ஊர்வலம் போல வரும். இப்போது ஏரிக்கரையில் திரும்பிப் பார்த்தால் ஊர்வலம் பின்னால் எங்கோ வத்சலாபாயைச் சுற்றி நிற்கும். ஒரு நாள் பெரிய இலவ மரத்தின் வயதை முழுதாக விளக்கிவிட்டுப் பார்த்தார். எதிரே இருந்தவர் ஷாமண்ணா ஒருவர்தான். ஷாமண்ணாவுக்குக் காது கேட்காது.

வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளுவார்.

"சொந்தமா ஒரு விஷயம் தெரியுமா அந்தம்மாவுக்கு? கொய்யாக்காரி சொன்னா, செருப்புப் பாத்துக்கிறவன் சொன்னான், ஐஸ் விக்கிறவன் சொன்னான். எல்லாம் இரவல்!"

"நீங்க மட்டும் பலகையைப் பாத்துத்தானே..."

"பலகை அரசாங்கத்தோடது. கொய்யாக்காரி அரசாங்கமா?"

வத்சலாபாய் சோள மாவில் தட்டிய ஜோள ரொட்டியும் நிலக்கடலைச் சட்னியும் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுப்பார். சர்வமங்களம்மா வீட்டுக்கும் ஒரு டப்பா வரும். கடலை பித்தம் என்று சொல்லி குருமல்லப்பா அதைத் தொடமாட்டார். மாலையில் பார்த்தால் டப்பா துடைத்து வைத்தது போலக் காலியாக இருக்கும். "பித்தம் எறங்கிடுச்சா?" என்று கேட்பார் சர்வமங்களம்மா.

தானும் அப்படிப் பேசினால் என்ன என்று ஒரு முறை முயன்று பார்த்தார். பூக்கடிகாரத்தின் முன்னால் நின்று, டெப்போ கடிகாரம் நின்றுபோன ஒரு நாள் தான் இங்கே ஓடிவந்து நேரம் பார்த்துப் போனதையும், அதற்குள் எல்லா வண்டியும் தானாகவே கிளம்பிவிட்டதையும் சொன்னார். சொல்லிவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"இது சிரிக்கிற கதைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஸார்" என்றார் சங்கச் செயலாளர் அனந்தராமு.

அதற்கு எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த அனந்தராமுதான் அக்டோபரில் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். காந்தி பஜாரில் அவருக்கு எழுதுபொருள் கடை. காப்பி வரும்வரை மழையைப் பற்றிப் பேசினார். காப்பி வந்த பிறகும் மழையைப் பற்றியே பேசினார்.

"விஷயத்தைச் சொல்லு அனந்து."

"ஒண்ணுமில்ல ஸார். இந்த வருஷம் ராஜ்யோத்சவ நடையில... ஒரு மாறுதலுக்கு... பெண்களெல்லாம் கேக்கறாங்க..."

"வத்சலாபாயா?"

"நீங்க பெரியவரு. நீங்க கூடவே இருப்பீங்க. ஏதாவது வருஷம் விட்டுப்போச்சுன்னா நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

"தாராளமா" என்றார் குருமல்லப்பா. சிரிக்கக்கூடச் செய்தார். "நல்ல முடிவு. அந்தம்மா பிரமாதமாப் பேசறாங்க. ஒண்ணு செய்யேன், சிறப்பு விருந்தினரா நிங்கராஜு ஸாரைக் கூப்பிடு. தாவரவியல் வாத்தியார். நாம கூப்பிட்டா வருவார்."

அனந்தராமு கண் கலங்கிப் போனார். இவ்வளவு பெருந்தன்மையை அவர் எதிர்பார்க்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்து, குருமல்லப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

பேராசிரியர் நிங்கராஜுவைப் பற்றி அனந்தராமுவுக்குத் தெரியாத ஒன்று குருமல்லப்பாவுக்குத் தெரியும். ஒருவர் மேடையில் பேசும்போது ஒரு இலையின் பெயரைத் தப்பாகச் சொன்னால்கூட அவர் எழுந்து நின்று திருத்துவார். அமைச்சரென்றும் பார்க்கமாட்டார்.

அடுத்த ஞாயிறு நடை முடிந்து எல்லாரும் பாறை மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்திருந்தார்கள். குருமல்லப்பா என்றுமில்லாமல் வத்சலாபாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சர்வமங்களம்மா இந்தப் பக்கம் உப்பிட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி மாளிகைக்குப் பின்னாடி ஒரு தூங்குமூஞ்சி மரம் ஒரு பக்கமா வளைஞ்சு நிக்குமே, பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன் ரீ. நம்ம ஷாமண்ணா குனிஞ்சு நாடா கட்டற மாதிரி நிக்குமே?"

"அதுக்கு ஒரு கதை இருக்கு."

அந்த மரம் கண்ணாடி மாளிகைக்கு எத்தனையோ இளையது என்று ஒரு தோட்டக்காரர் சொல்லி அவருக்கு எப்போதோ தெரியும். அதற்கு எந்தக் கதையும் கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொல்லி வைப்போம் என்றுதான் ஆரம்பித்தார்.

"மாளிகை கட்டறப்போ சித்தாள் வேலைக்கு ஹொன்னின்னு ஒருத்தி வந்தா. கைக்குழந்தைக்காரி. பொட்டைப் புள்ளை. இந்த மரத்துல தூளியைக் கட்டிப் போட்டுட்டு இரும்பு சொமக்கப் போவா. புள்ளை அழும். இவளுக்குக் கேக்கும். ஆனா மேஸ்திரி விடமாட்டான். மார்ல பால் கட்டிக்கிட்டு, அழுதுக்கிட்டே சொமப்பா. ஒரு நாள் திடீர்னு அழுகை நின்னு போச்சு. பதறிப்போய்ச் சும்மாட்டைப் போட்டுட்டு ஓடி வந்து பாத்தா, காத்தே இல்ல, மரம் குனிஞ்சு குனிஞ்சு தூளியை ஆட்டிக்கிட்டு இருக்கு. வேலை முடிஞ்சு அவ ஊருக்குப் போயிட்டா. மரம் நிமிரல. அந்தி சாய்ஞ்சா அது இலையெல்லாம் மூடிக்கும், பாத்திருப்பீங்க. புள்ளை தூங்கிடுச்சுன்னு நெனச்சு அதுவும் தூங்குது."

சொல்லி முடித்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சர்வமங்களம்மா வாயிலிருந்த உப்பிட்டை மெல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன்னை அப்படிப் பார்த்ததாக குருமல்லப்பாவுக்கு நினைவில்லை.

வத்சலாபாய் மூக்கை உறிஞ்சினார். "இதை உங்களுக்கு யார் சொன்னாங்க அண்ணாரே?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியும். நீங்க ராஜ்யோத்சவத்தன்னைக்கு இதைச் சொல்லுங்க. நல்லா எடுபடும்."

"உங்க கதையை நான் சொல்லலாமா ரீ?"

"தோட்டம் எல்லாருக்கும் பொதுதானே" என்றார் குருமல்லப்பா.

நவம்பர் முதல் தேதி காலை பனி இறங்கியிருந்தது. கொடியேற்றினார்கள். அனந்தராமு தலைப்பாகையை எடுத்து வத்சலாபாய் தலையில் வைத்தார். குருமல்லப்பாவின் தலைக்கு வாங்கியது அது. வத்சலாபாய்க்குப் பெரிதாக இருந்ததால் காது வரை இறங்கிவிட்டது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். "ராஜா வேஷம் போட்ட கூத்தாடி மாதிரி இருக்கேனா ரீ?" என்று கேட்டார். குழந்தைகள் அவர் பின்னால் ஓடின. குருமல்லப்பா கடைசியில் வந்தார். வெறும் தலையில் பனி ஏறுகிறது என்று சர்வமங்களம்மா மஃப்ளரை நீட்டினார். வேண்டாமென்று தள்ளிவிட்டார்.

வத்சலாபாய் எல்லா இடத்திலும் நின்றார். குதிரை மேல் இருக்கும் மகாராஜா சிலை, பழைய புறாக்கூண்டு, திப்பு தூர தேசத்திலிருந்து விதை வரவழைத்தது, ஏரி. வருஷம் வரும்போதெல்லாம், "அது குருமல்லப்பாண்ணாவுக்குத்தான் சரியாத் தெரியும். அண்ணாரே?" என்று குரல் கொடுப்பார். குருமல்லப்பா பின்னாலிருந்து வருஷத்தைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொள்வார்கள். பேசாமல் இருப்பதைவிட அது மோசமாக இருந்தது.

தூங்குமூஞ்சி மரத்தருகே வந்தார்கள். பேராசிரியர் நிங்கராஜு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன் வரிசையில் நின்றார். குருமல்லப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கதையை எனக்குச் சொன்னது நம்ம குருமல்லப்பாண்ணா. அவர் மாதிரி எனக்குச் சொல்ல வராது. தப்பு வந்தா அவரே திருத்துவார் ரீ."

இதை குருமல்லப்பா எதிர்பார்க்கவில்லை. ஐந்து மாதமாக அந்தம்மாள் யார் சொன்னது என்று பெயரைச் சொல்லாமல் ஒரு கதையும் சொன்னதில்லை. அதை இரவல் இரவல் என்று வீட்டில் திட்டிக்கொண்டிருந்தவருக்கு, தன் பெயரும் அப்படி வரும் என்று மட்டும் தோன்றாமல் போயிற்று.

வத்சலாபாய் சொன்னார். ஹொன்னியின் பால் கட்டிய மார்பைச் சொல்லும்போது ஒரு கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். தூளி ஆடியதைச் சொல்லும்போது தலைப்பாகையோடு சேர்ந்து அவரும் ஆடினார். என் அம்மா உட்பட எல்லாப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நிங்கராஜு தொண்டையைக் கனைத்தார்.

"மன்னிக்கணும். இந்த மரத்தை நட்டப்போ நான் காலேஜ்ல படிச்சுட்டிருந்தேன். மாளிகை எங்க, இது எங்க! வெளிச்சத்தைத் தேடிச் சாஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. யார் சொன்னது இது? குருமல்லப்பாவா?"

எல்லாத் தலையும் திரும்பின.

"நானா?" என்றார் குருமல்லப்பா. "நான் சொல்லவே இல்லையே."

சர்வமங்களம்மா கேசரிபாத் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். குருமல்லப்பா அவர் பக்கம் பார்க்கவில்லை.

வத்சலாபாய் ஒரு நொடி அவரையே பார்த்தார். பிறகு தலைப்பாகையைத் தூக்கிக் காதைக் காட்டினார்.

"அப்ப நான் எங்கயோ கேட்டதை உங்க தலையில கட்டிட்டேன் போல. வயசாயிடுச்சு. பத்தாததுக்கு இது வேற காதை அடைச்சுட்டிருக்கு ரீ!"

கூட்டம் சிரித்துத் தீர்த்தது. நிங்கராஜுவும் சிரித்துவிட்டார். "கதை பொய்தாம்மா. ஆனா மரத்துக்குக் காது இருந்தா சந்தோஷப்படும்" என்று கைதட்டினார். சங்கத்தில் ஒரு புது மருமகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ராத்திரியெல்லாம் தூங்காமல் படுத்துகிற குழந்தை அது. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் குழந்தையின் காலை மரத்தில் வைத்து எடுத்தாள்.

மறுநாள் காலை அவள் ஓட்டமாக வந்தாள். குழந்தை விடியும்வரை அசையாமல் தூங்கியதாம்.

அவ்வளவுதான். யாரோ கைபேசியில் பிடித்திருந்த வத்சலாபாயின் பேச்சு ஜயநகர், பசவனகுடி, சாமராஜபேட்டை என்று வீடு வீடாகப் போயிற்று. மார்கழிக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தடியில் குழந்தைகளோடு அம்மாக்கள் நின்றார்கள். கடலை விற்பவன் தன் கூடையை அங்கே மாற்றிக்கொண்டான். நிங்கராஜு சொன்ன திருத்தம் அந்த மரத்தடியைத் தாண்டிப் போகவில்லை. ஒரு நாள் சித்தாபுரம் வாசல் காவலாளி குருமல்லப்பாவை நிறுத்தினான்.

"ஸார், இவங்க துமகூருலேர்ந்து வந்திருக்காங்க. வத்சலாபாய் மரம் எதுன்னு கேக்கறாங்க. கொஞ்சம் காட்டிவிடறீங்களா?"

குருமல்லப்பா அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். கடலைக்காரன் அவர்களுக்குக் கதை சொல்லத் தொடங்கினான்: கங்கின்னு ஒரு பொம்பளை, அவளுக்கு ஒரு ஆம்பளைப் புள்ளை...

"ஹொன்னி!" என்று கத்தினார் குருமல்லப்பா. "கங்கி இல்ல, ஹொன்னி. பொட்டைப் புள்ளை."

"அப்படியா ஸார்? உங்களுக்கு வத்சலாபாயைத் தெரியுமா?" என்றான் அவன் மரியாதையாக.

அவர் வாழ்க்கையில் யாரிடமும் கேட்காமல், எந்தப் பலகையையும் பாராமல், தானாகச் சொன்னது அது ஒன்றுதான். அந்த ஒன்றுதான் ஊரெல்லாம் போயிற்று, இன்னொருத்தர் பெயரில். மற்றவர் வீட்டுக் கதையைப் பார்த்துப் பொருமுவது ஒரு மாதிரி. தன் கதையைப் பார்த்துத் தானே பொருமுவது வேறு மாதிரி. அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் தோசையைக் கிள்ளிக்கொண்டே, "மேஸ்திரி விடமாட்டான்னு நான் சொன்னதை அந்தம்மா விட்டுடறாங்க. அதுதான் உசிரே" என்றார். சர்வமங்களம்மா, "எதை நீங்க சொன்னீங்க?" என்று கேட்டார். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

சங்கராந்தி வந்தது. அன்று எள்ளும் வெல்லமும் கலந்து ஒருவருக்கொருவர் கொடுத்து, இதைத் தின்று நல்லதாக நாலு வார்த்தை பேசு என்பது இந்த ஊர் வழக்கம். சங்கம் இந்த முறை தூங்குமூஞ்சி மரத்தடியிலேயே கூடியது. எல்லார் கையிலும் எள்ளு வெல்லம், கரும்புத் துண்டு. அனந்தராமு எழுந்தார்.

"ஒரு நல்ல சேதி. யுகாதிக்கு நம்ம சங்கத்து சார்புல காலண்டர் போடறோம். மேல இந்த மரத்தோட படம். கீழ கதை. கதை சொன்னவர் வத்சலாபாய்னு பெரிய எழுத்துல..."

"அது என் கதை!"

குருமல்லப்பா எழுந்து நின்றிருந்தார். அவர் மடியிலிருந்த எள்ளு வெல்லம் புல்லில் சிதறியது.

"நான்தான் சொன்னேன். பாறை மேல உக்காந்து நான்தான் சொன்னேன். யாரும் எனக்குச் சொல்லல. நானே கட்டினது, முழுக்க முழுக்க. ஹொன்னியும் நான் கட்டினதுதான், மேஸ்திரியும் நான் கட்டினதுதான்!"

யாரும் கரும்பைக் கடிக்கவில்லை. அனந்தராமு மெதுவாக அவர் தோளைத் தொட்டார்.

"ஸார், உக்காருங்க. தலைப்பாகையை மாத்தினது எங்க தப்புதான். உங்க மனசு எங்களுக்குப் புரியுது."

"என்ன புரியுது? நான் பொய் சொன்னேன்யா அன்னைக்கு! நிங்கராஜு கேட்டப்போ சொல்லலைன்னு பொய் சொன்னேன்!"

"பாவம்" என்று யாரோ ஒரு பெண் குரல் சொன்னது. "வயசான காலத்துல இப்படிப் பொறாமையில வெந்துக்கிட்டு..."

குருமல்லப்பா மனைவியிடம் திரும்பினார். "மங்களா, நீ சொல்லு. நீ பக்கத்துலதானே உப்பிட்டு சாப்பிட்டுட்டிருந்த. நீயே சொல்லு!"

சர்வமங்களம்மா எள்ளை நிதானமாக மென்று விழுங்கினார். "அன்னைக்கு இத்தனை பேர் முன்னாடி நீங்க சொல்லலைன்னு சொன்னீங்க. புருஷன் வார்த்தையை நான் நம்பாம வேற யார் நம்புவா?"

வத்சலாபாய் கையைத் தூக்கினார். "அவர் சொல்றது நெசம் ரீ. அவர்தான் எனக்குச் சொன்னார். நான் மொதல்லயே சொன்னேனே."

"பாத்தீங்களா!" என்றார் அனந்தராமு தழுதழுத்த குரலில். "எவ்வளவு பெரிய மனசு! அவர் மனசு நோகக் கூடாதுன்னு தன் கதையையே தூக்கிக் குடுக்கறாங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். குருமல்லப்பா அந்தக் கைதட்டலுக்கு நடுவே நின்றார். உண்மையைச் சொன்னதற்கு அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்குச் சாட்சி சொன்னதற்கு வத்சலாபாய்க்குக் கைதட்டல் கிடைத்தது.

கூட்டம் கலைந்து எல்லாரும் தூக்குகளை அடுக்கத் தொடங்கியபோது வத்சலாபாய் தன் எள்ளு வெல்லப் பொட்டலத்தோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் அம்மாவும் சர்வமங்களம்மாவும் பாயைச் சுருட்டுகிற சாக்கில் அங்கேயே இருந்தார்கள்.

"இந்தாங்க. உங்களுது கொட்டிப் போச்சு."

அவர் வாங்கவில்லை.

"அண்ணாரே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வேலை முடிஞ்சு ஹொன்னி புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போனாளே, அப்புறம் என்ன ஆனா? வர்றவங்கல்லாம் கேக்கறாங்க. எனக்குத் தெரியல. உங்களுக்குத்தானே தெரியும் ரீ."

குருமல்லப்பா அவரை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எத்தனையோ நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது ஹொன்னி எந்த ஊருக்குப் போனாள், அந்தப் பெண் குழந்தை வளர்ந்து என்ன செய்தது என்றெல்லாம் அவர் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார். வாயைத் திறந்தார். வத்சலாபாய் கொஞ்சம் முன்னால் குனிந்தார். பாய் சுருட்டிய கைகள் நின்றன.

அவர் வாயை மூடிக்கொண்டார். அந்தம்மாள் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"சொல்லமாட்டேன்" என்றார். "சொன்னா நாளைக்கு அதுவும் உங்களுதாயிடும்."

இன்றுவரை அவர் சொல்லவில்லை. வத்சலாபாயும் விடுவதாக இல்லை. தினமும் காலையில் ஏரிக்கரையில் அவரை எட்டிப்பிடித்துக் கேட்கிறார்.